ஜி.பி.எஸ். அளவுகளைக் கம்ப்யூட்டரில் சேர்த்து மாற்றும் முறை

சொட்டுநீர்க் குழாய் வாங்கவும், தென்னங்கன்றுகளைக் கணக்கிடவும், உரத்தின் அளவை நிர்ணயிக்கவும் நிலத்தின் பரப்பு சரியாகத் தெரிய வேண்டும். இதற்காக ஜி.பி.எஸ். கருவியைக் கையில் பிடித்து, வரப்பைச் சுற்றி நடந்து அளந்துகொள்ளும் விவசாயிகள் இக்காலத்தில் அநேகர். ஆயினும் அளந்த மாத்திரத்தில் வேலை முடிந்துவிடுவதில்லை. களத்தில் அடித்த நெல் வீடு வந்து சேருமுன் மழையில் நனைந்து கெடுவதுண்டு. அதுபோல, வயலில் செம்மையாக எடுத்த அளவும் கம்ப்யூட்டருக்கு மாற்றும் வேளையில் கெட்டுப் போவதுண்டு. அக்கேடு கண்ணுக்குத் தெரியாமல் நிகழ்வதால் நஷ்டம் அதிகம். ஆகையால், அளவுகளைக் கொண்டு வரும் முறையையும், வேறு உருவத்துக்கு மாற்றும் முறையையும், அப்போது நேரும் தவறுகளையும் விவசாயிகள் அறிந்திருத்தல் நலம்.

கருவி எழுதி வைப்பது யாது?

அமெரிக்க நாட்டின் ஜி.பி.எஸ். செயற்கைக் கோள்கள் பூமிக்கு மேல் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. இவ்வேற்பாடு 1995-ம் ஆண்டில் பூரணமாயிற்று. பொதுமக்களின் கருவிகளில் வேண்டுமென்றே புகுத்தப்பட்டிருந்த பிழை 2000-ம் ஆண்டு மே மாதத்தில் நீக்கப்பட்டது. அதன் பின்னரே இக்கருவிகள் விவசாயத்துக்குப் பிரயோஜனமாயின. கருவி தான் நிற்கும் ஸ்தானத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளும்.

இக்குறிப்புகள் மூன்று வகைப்படும். கிணறு, எல்லைக்கல் போன்ற ஓர் இடத்தில் நின்று பதிவு செய்வது புள்ளி. போக வேண்டிய வழியை முன்னதாகக் குறித்து வைப்பது மார்க்கம். நடந்து சென்ற வழியைக் கருவி தானாகவே தொடர்ந்து எழுதிக்கொள்வது தடம். பரப்பை அறிவதற்கு வேண்டியது தடமாகும். மூலைகளைத் தனியே சரிபார்க்கப் புள்ளிகள் உதவும்.

கம்ப்யூட்டருக்குக் கொண்டு வருதல்

கருவியையோ, அளவெடுத்த செல்போனையோ யு.எஸ்.பி. கம்பியால் கம்ப்யூட்டருடன் இணைக்க வேண்டும். பெரும்பாலான புதிய கருவிகள் பென் டிரைவைப் போலவே திரையில் தோன்றும். உதாரணமாக, கார்மின் கருவிகளில் அக்கம்பெனியின் பெயரால் ஒரு பெட்டியும், அதனுள் ஜி.பி.எக்ஸ். என்னும் வேறொரு பெட்டியும் இருக்கும். அதிலுள்ள பைல்களைக் கம்ப்யூட்டரில் தனி இடத்தில் பிரதி செய்துகொள்ள வேண்டும். வெட்டி எடுத்து ஒட்டுதல் கூடாது. பாதியில் கம்பி கழன்றால் மூலமும் இல்லை, பிரதியும் இல்லை என்றாகும். பழைய கருவிகளுக்குச் சீரியல் கம்பி தேவைப்படும். அத்தகைய துளையில்லாத கம்ப்யூட்டரில் யு.எஸ்.பி. இணைப்பான் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம்.

சில பழைய கருவிகளில் தடத்தைச் “சேமி” என்று கட்டளையிட்டால், கருவி புள்ளிகளைக் குறைத்தும் நேரத்தை நீக்கியும் சேமிக்கும். அவ்வகைக் கருவியை உடையவர்கள், சேமித்த தடத்தை விட்டு, நடப்பிலுள்ள தடத்தையே எடுத்துக்கொள்வது உத்தமம்.

பிரதி செய்தவுடன் பைலுக்குச் சர்வே நம்பரும் தேதியும் கொண்ட பெயரிட்டு, அதை மூலமென்று தனியே வைத்துவிட வேண்டும். இனிச் செய்யும் மாற்றமெல்லாம் அதன் பிரதியிலேயே நடைபெற வேண்டும். விதை நெல்லைத் தனியே கட்டி வைப்பதற்கு ஒப்பானது இது. மூலம் கைவசம் இருக்கும்வரை எந்தத் தவறையும் திருத்திக்கொள்ளலாம்.

உருவம் மாற்றுதல்

ஜி.பி.எக்ஸ். என்பது 2002-ம் ஆண்டில் வெளிவந்த, யாவரும் பயன்படுத்தக்கூடிய பைல் உருவம். அதைச் சாதாரண எழுத்துப் புரோகிராமிலேயே திறந்து படிக்கலாம். கூகிள் எர்த் புரோகிராமுக்கு உரியது கே.எம்.எல். உருவம், இது 2008-ம் ஆண்டில் சர்வதேசத் தரமாக ஏற்கப்பட்டது. கணக்குப் பட்டியலாகப் பார்க்க விரும்புவோர் சி.எஸ்.வி. உருவத்தை நாடுவர்.

ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்ற ஜி.பி.எஸ். பேபல் என்னும் இலவசப் புரோகிராம் ஏற்றது. அதில் உள்ளே வரும் பைலின் உருவத்தையும், வெளியே வேண்டிய உருவத்தையும், இரண்டின் பெயர்களையும் குறிப்பிட்டால் போதும். இரண்டு பெயர்களும் ஒன்றாயிருத்தல் ஆகாது. அவ்வாறிருந்தால் பழைய பைல் அழிந்துபோகும்.

மாற்றும்போது நேரும் தவறுகள்

முதலாவது, டிகிரிக் கணக்கு. ஒரு டிகிரிக்கு 60 நிமிஷம். ஒரு நிமிஷத்துக்கு 60 விநாடி. தஞ்சாவூரை அடுத்த ஒரு வயலின் அட்சரேகை 10 டிகிரி 47 நிமிஷம் 12 விநாடி என்று கருவி காட்டுவதாகக் கொள்வோம். இதைத் தசாம்சமாக எழுதும்போது 47-ஐ 60-ஆலும், 12-ஐ 3600-ஆலும் வகுத்துக் கூட்ட வேண்டும், 10.78667 என்று வரும். அவ்வாறு செய்யாமல் 10.4712 என்று எழுதிவிட்டால், வயல் படத்தில் சுமார் 35 கிலோமீட்டர் தெற்கே சென்றுவிடும்.

இரண்டாவது, வரிசை மாறுதல். பேச்சு வழக்கில் அட்சரேகையை முதலிலும் தீர்க்கரேகையைப் பின்னரும் சொல்வது மரபு. கே.எம்.எல். பைலிலோ தீர்க்கரேகையே முதலில் வரும். புரோகிராம் தானாக மாற்றும்போது இதில் தவறு நேராது; கையால் எண்களை ஒட்டும்போதே நேரும். மேற்படி தஞ்சாவூர் வயலின் எண்கள் இடம் மாறினால், அது நார்வே நாட்டைச் சேர்ந்த ஸ்வால்பார்ட் தீவுகளின் அருகே, ஆர்க்டிக் பனிப்பிரதேசத்தில் போய் நிற்கும். இவ்வளவு பெரிய தவறு உடனே தெரிந்துவிடும்.

மூன்றாவது, தசாம்ச இலக்கங்கள் குறைதல். சி.எஸ்.வி. பைலைக் கணக்குப் புரோகிராமில் திறந்து மறுபடி சேமிக்கும்போது கடைசி இலக்கங்கள் உதிர்ந்து போவதுண்டு. அட்சரேகையில் ஐந்தாம் இலக்கத்தின் ஓர் எண் சுமார் 1.1 மீட்டரைக் குறிக்கும். மூன்றாம் இலக்கத்தின் ஓர் எண் சுமார் 110 மீட்டரைக் குறிக்கும். ஆகவே ஐந்து இலக்கங்களுக்குக் குறையாமல் இருத்தல் அவசியம்.

நான்காவது, ஆதாரம் வேறுபடுதல். ஜி.பி.எஸ். அளவுகள் டபிள்யூ.ஜி.எஸ். 84 என்னும் உலக ஆதாரத்தைத் தழுவியவை. சர்வே ஆப் இந்தியாவின் பழைய படங்கள் எவரெஸ்ட் ஆதாரத்தில் வரையப்பட்டவை. 2005-ம் ஆண்டின் தேசியப் படக் கொள்கைக்குப் பின்னரே பொதுமக்களுக்குரிய படங்கள் உலக ஆதாரத்துக்கு மாறின. பழைய படத்தின் மேல் ஜி.பி.எஸ். தடத்தை அப்படியே வைத்தால் நூறு மீட்டருக்கு மேலும் விலகி நிற்கும். சிறு நிலக்காரருக்கு அது பிறர் வயலாகவே இருக்கும்.

ஐந்தாவது, நேரம். ஜி.பி.எக்ஸ். பைலில் உலகப் பொது நேரமே எழுதப்படும். இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி முந்தியது. காலை 7 மணிக்கு நடந்த தடம் பைலில் 1.30 என்று காட்டினால், கருவி பழுதென்று எண்ண வேண்டுவதில்லை.

பரப்பைக் கணக்கிடுதல்

மாற்றிய தடம் பெரும்பாலும் ஒரு கோடாகவே வரும், கோட்டுக்குப் பரப்பில்லை. கியூ.ஜி.ஐ.எஸ். என்னும் இலவசப் புரோகிராமில் அக்கோட்டை மூடிய வடிவமாக்கிக்கொள்ளலாம். பின்னர் டிகிரிக் கணக்கை யு.டி.எம். முறைக்கு மாற்றினால் அளவு மீட்டரில் கிடைக்கும். தமிழ்நாடு இம்முறையில் இரண்டு மண்டலங்களில் அமைந்துள்ளது. 78-ம் தீர்க்கரேகைக்கு மேற்கேயுள்ள கோயம்புத்தூர், ஈரோடு, திருநெல்வேலி ஆகியவை 43-ம் மண்டலத்தையும், கிழக்கேயுள்ள சேலம், மதுரை, திருச்சி, தஞ்சாவூர், சென்னை ஆகியவை 44-ம் மண்டலத்தையும் சேர்ந்தவை. கிடைத்த சதுர மீட்டரை 40.47-ஆல் வகுத்தால் சென்ட் கணக்கு வரும்.

சிறு நிலங்களில் பிழையின் விகிதம் பெரிதாகும் என்பதைக் கவனிக்க வேண்டும். சதுரமான ஓர் ஏக்கர் வயலின் பக்கம் சுமார் 63.6 மீட்டர். நடப்பவர் நாற்புறமும் ஒரு மீட்டர் வெளியே தள்ளி நடந்தால் சுமார் 6½ சென்ட் மிகுதியாகக் காட்டும். வரிசைக்கு வரிசை ஒன்றரை மீட்டர் விட்டுச் சொட்டுநீர்க் குழாய் போடுவதாயிருந்தால், இதனால் சுமார் 170 மீட்டர் குழாய் வீணாக வாங்க நேரிடும். பத்து ஏக்கர் சதுர நிலத்தில் அதே ஒரு மீட்டர் தவறு சுமார் 20 சென்ட் காட்டும்; அது நூற்றுக்கு இரண்டு பங்கே. ஆதலின் நிலம் சிறிதாக ஆக, வரப்பை ஒட்டி நடப்பதில் ஜாக்கிரதை மிகுதியாக வேண்டும்.

எதற்கு உதவும், எதற்கு உதவாது?

திறந்த வெளியில் சாதாரணக் கருவி ஒரு ஸ்தானத்தை 3 முதல் 5 மீட்டர் வரை பிசகிக் காட்டக்கூடும். அடர்ந்த தென்னந்தோப்பினுள் பிசகு இன்னும் மிகும். ஆயினும் வயலை ஒரு முறை சுற்றி வரும் சிறிது நேரத்தில், அப்பிசகு பெரும்பாலும் ஒரே திசையிலேயே இருக்கும். தடம் முழுவதும் ஒருசேர விலகுவதால் பரப்பு ஏறக்குறைய சரியாகவும், எல்லை மட்டும் இடம் பெயர்ந்தும் காணப்படும். இதிலிருந்து விளங்குவது யாதெனில், குழாய்க்கும் கன்றுக்கும் உரத்துக்கும் இவ்வளவு போதுமானது. எல்லைத் தகராறுக்கு இது சாட்சியாகாது. கம்ப்யூட்டர்த் திரையில் கோடு பக்கத்து வயலுக்குள் இரண்டு மீட்டர் புகுந்திருப்பதைக் கண்டு, அண்டை வயற்காரருடன் சண்டைக்குப் போகலாகாது. புலப்படத்தைக் கொண்டு நில அளவர் அளந்து காட்டும் கல்லே எல்லை.

ஒவ்வொரு முறை உருவம் மாற்றிய பிறகும் மூன்று சோதனைகள் செய்தல் நன்று. கிணறு போன்ற தெரிந்த புள்ளியொன்று படத்தில் தன் இடத்துக்கு அருகில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். மூலத் தடத்திலும் மாற்றிய தடத்திலும் புள்ளிகளின் எண்ணிக்கை ஒத்திருக்கிறதா என்று எண்ண வேண்டும். வயலின் ஒரு பக்கத்தை நாடாவால் அளந்து, கம்ப்யூட்டர் காட்டும் நீளத்துடன் ஒப்பிட வேண்டும். மூன்றும் பொருந்தினால் அவ்வளவை நம்பிக் குழாய்க்கும் கன்றுக்கும் பணம் செலவிடலாம். பொருந்தாவிடில், மூலப் பைலிலிருந்து புதிதாகப் பிரதி எடுத்து மறுபடி மாற்றிப் பார்க்க வேண்டும். மூலம் பத்திரமாக இருந்தால் வயலுக்குத் திரும்பச் சென்று நடக்க வேண்டிய சிரமம் பெரும்பாலும் நேராது.