“வேண்டாம்” என்று சொன்ன நாடு

போர்க்களம் காணாமல், ஒரே நாள் வாக்கெடுப்பின் மூலம் ஒரு பேரரசின் பிடியிலிருந்து வெளியேறிய ஆப்பிரிக்க நாடு எது என்று யாரேனும் கேட்டால் என்ன விடை கூறுவீர்கள்?

உலகப் படத்தை விரித்து ஆப்பிரிக்காவைப் பாருங்கள். கினியா என்ற பெயர் அங்கே மூன்று நாடுகளுக்கு உண்டு. ஒன்று போர்ச்சுகல் ஆண்டது. மற்றொன்று ஸ்பெயின் ஆண்டது. மூன்றாவது, பிரான்சின் ஆளுகையில் இருந்த மேற்கு ஆப்பிரிக்கக் கினியா. தலைநகர் கொனாக்ரி. மக்களில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள். நம் கேள்விக்கு விடை இந்த நாடுதான்.

அல்மாமி சமோரி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இப்பகுதியில் ஒரு பேரரசை நிறுவியவர் சமோரி தூரே. வணிகக் குடும்பத்தில் பிறந்தவர். போரில் சிறைப்பட்ட தம் தாயை மீட்பதற்காகவே அவர் படைவீரரானார் என்பது அந்நாட்டின் வழிவழிச் செய்தி. 1884இல் ‘அல்மாமி’ என்ற பட்டத்தைச் சூடிக்கொண்டார். ‘அல் இமாம்’ என்ற அரபுச் சொல்லின் ஆப்பிரிக்க வடிவம் அது.

1882 முதல் பதினாறு ஆண்டுகள் பிரெஞ்சுப் படைகளை அவர் எதிர்த்து நின்றார். ஐரோப்பியத் துப்பாக்கிகளைப் பார்த்து அவற்றைப் போலவே செய்து தரும் கொல்லர்கள் அவரிடம் இருந்தனர். 1898 செப்டம்பர் 29 அன்று அவர் சிறைபிடிக்கப்பட்டார். தொலைதூரத்துக் காபோனுக்கு நாடு கடத்தப்பட்டு, 1900இல் அங்கேயே காலமானார்.

அந்தத் தேதியை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

டி காலின் நிபந்தனை

1958இல் பிரான்சின் ஆட்சிப் பொறுப்பை ஏற்ற ஜெனரல் டி கால், ஒரு புதிய அரசியல் சாசனத்தை வகுத்தார். ஆப்பிரிக்கப் பிரதேசங்கள் அதன் மீது வாக்களிக்க வேண்டும். ‘ஆம்’ என்றால் பிரெஞ்சுச் சமூகத்தில் தன்னாட்சியுடன் தொடரலாம். ‘வேண்டாம்’ என்றால் உடனே விடுதலை. ஆனால் பிரான்சின் உதவிகள் யாவும் நின்றுவிடும்!

ஆகஸ்ட் 25 அன்று டி கால் கொனாக்ரிக்கு வந்தார். கினியாவின் தலைவர் செகூ தூரே அவர் முன்னிலையிலேயே, அடிமைத்தனத்தில் கிடைக்கும் செல்வத்தைவிடச் சுதந்திரத்துடன் கூடிய வறுமையே மேல் என முழங்கினார். அஞ்சல் துறையில் எழுத்தராக இருந்து தொழிற்சங்கத் தலைவராக உயர்ந்தவர் அவர். சமோரியின் வழித்தோன்றல் என்று தம்மைக் கூறிக்கொண்டவர்.

வெறும் மேடைப் பேச்சால் மட்டும் வெற்றி வந்துவிடவில்லை. 1953இல் இரண்டு மாதங்களுக்கு மேல் நீடித்த வேலைநிறுத்தம் தொழிலாளரை ஒன்றுபடுத்தியிருந்தது. போராடியவர்களின் குடும்பங்கள் பட்டினி கிடக்காமல் காத்தவர்கள் சந்தையில் வாணிபம் செய்த பெண்கள். மேலும், வெள்ளையருக்காக வரி வசூலித்து வந்த கிராமத் தலைவர்களின் பதவிகளைச் செகூ தூரேயின் கட்சி 1957 இறுதியிலேயே ஒழித்துவிட்டது. ஆகவே, மிரட்டி வாக்கு வாங்க ஊர்களில் பிரான்சுக்கு ஆள் இல்லை.

1958 செப்டம்பர் 28 அன்று வாக்கெடுப்பு நடந்தது. பிரான்சின் ஆப்பிரிக்கப் பிரதேசங்கள் அனைத்தும் ‘ஆம்’ என்றன. கினியா மட்டும் ஏறத்தாழ 95 விழுக்காட்டு வாக்குகளால் ‘வேண்டாம்’ என்றது. சமோரி சிறைப்பட்ட அறுபதாம் ஆண்டு நிறைவடைய ஒரே ஒரு நாள் இருந்தது! அக்டோபர் 2 அன்று கினியா சுதந்திர நாடாயிற்று.

போகிற போக்கில்

விடைபெற்ற பிரான்சு என்ன செய்தது தெரியுமா? அதிகாரிகளும் மருத்துவர்களும் ஆசிரியர்களும் சில வாரங்களில் வெளியேறினர். கோப்புகள் அழிக்கப்பட்டன, தொலைபேசிகளையும், ஏன், மின்விளக்குகளையுங்கூடக் கழற்றிச் சென்றார்கள் என்று அக்காலச் செய்திகள் கூறின. 1960 மார்ச்சில் கினியா சொந்த நாணயத்தை வெளியிட்டபோது, பிரெஞ்சு உளவுத்துறை அந்த நோட்டுகளைக் கள்ளத்தனமாக அச்சிட்டு நாட்டுக்குள் பரப்பியது. பொருளாதாரத்தைக் குலைப்பதே நோக்கம்.

எனினும் கினியா கைவிடப்படவில்லை. அதற்கு முந்தைய ஆண்டுதான் விடுதலை பெற்றிருந்த கானா, ஒரு கோடி பவுன் கடனளிக்க முன்வந்தது. கினியா காட்டிய வழி வீண்போகவுமில்லை. 1960ஆம் ஆண்டில் மட்டும் பதினேழு ஆப்பிரிக்க நாடுகள் விடுதலை பெற்றன. அவற்றுள் பதினான்கு, பிரான்சின் ஆளுகையில் இருந்தவை.

மாஸ்கோவின் நட்பு

மேற்குலகம் முகம் திருப்பிக்கொள்ளவே, கம்யூனிச நாடுகள் கைநீட்டின. 1961இல் செகூ தூரேவுக்கு லெனின் அமைதிப் பரிசு அளிக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில், சதி செய்ததாகக் குற்றஞ்சாட்டிச் சோவியத் தூதரையே அவர் நாட்டைவிட்டு வெளியேற்றினார்! மறு ஆண்டு கியூபா ஏவுகணை நெருக்கடியின்போது, சோவியத் உதவியுடன் விரிவாக்கப்பட்ட கொனாக்ரி விமான நிலையத்தில் சோவியத் விமானங்கள் இறங்க அனுமதி மறுத்தார். ஒரு எசமானை விட்டு இன்னொரு எசமானிடம் சேர அவர் விரும்பவில்லை.

இருண்ட பக்கம்

இத்துடன் கட்டுரையை முடித்துவிட்டால் இனிமையாகத்தான் இருக்கும். ஆனால் வரலாறு அத்துடன் முடியவில்லை.

பிரான்சிடம் ‘வேண்டாம்’ என்று சொன்னவர், தம்மிடம் யாரும் அச்சொல்லைச் சொல்லப் பொறுக்கவில்லை. ஒரே கட்சி, ஒரே தலைவர். 1970 நவம்பரில் போர்ச்சுகல் படை கடல்வழியே வந்து கொனாக்ரியைத் தாக்கியபின் அவருடைய ஐயம் எல்லை கடந்தது. கேம்ப் போய்ரோ என்ற சிறைமுகாம் நிரம்பி வழிந்தது. ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் முதல் பொதுச் செயலாளராக விளங்கிய தியாலோ தெல்லி, கினியாவின் பெருமைக்குரிய புதல்வர். அவரையும் அச்சிறையில் அடைத்து, சோறும் தண்ணீரும் கொடாமல் 1977இல் சாகடித்தார்கள்.

அரசை எதிர்த்துப் பேச ஆண்கள் அஞ்சிய அந்த ஆண்டில் அஞ்சாதவர்கள் யார்? அதே சந்தைப் பெண்கள்! தனியார் வாணிபம் தடைசெய்யப்பட்டிருந்தது. பொருளாதாரக் காவலர்களின் கெடுபிடி தாங்க முடியவில்லை. 1977 ஆகஸ்ட் 27 அன்று கொனாக்ரியின் பெண்கள் அதிபர் மாளிகையை நோக்கித் திரண்டு சென்றனர். செகூ தூரே பணிய நேர்ந்தது. அக்காவற்படை கலைக்கப்பட்டது; சிறு வாணிபம் படிப்படியாக மீண்டது.

1984 மார்ச் 26 அன்று, வாழ்நாளெல்லாம் ஏகாதிபத்தியத்தைச் சாடிய செகூ தூரே, அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் இதய சிகிச்சையின்போது காலமானார். ஒரு வாரத்தில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. கேம்ப் போய்ரோவின் கதவுகளும் திறந்தன.

வாசகர்களே! அந்நியனிடம் ‘வேண்டாம்’ என்று சொல்லும் துணிவால் ஒரு நாடு விடுதலை பெறுகிறது. சொந்த நாட்டு ஆட்சியாளரிடமும் அச்சொல்லைச் சொல்ல முடிகின்ற வரையில்தான் அந்த விடுதலை நிலைக்கிறது. உங்கள் பிள்ளைகள் பொது அறிவுப் போட்டிக்காக 1958 என்ற ஆண்டை மனப்பாடம் செய்யும்போது, 1977ஐயும் சேர்த்தே அவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்.