கல் முகத்துக் கடிகாரம்

மணி பார்க்க ஒரு கடிகாரம் போதும், தோழரே! சீமான் கைக்கு அது போதுமா? மலையில் ஒரு துண்டும் வேண்டுமாம்!

ஸ்விட்சர்லாந்தில் லா கோத்-ஓ-ஃபே என்ற சிற்றூரில் 1874-இல் தோன்றியது பியாஜே நிறுவனம். 1957-இல் 2 மில்லிமீட்டர் கனமே உள்ள கடிகார இயந்திரத்தைச் செய்தது. உள்ளே இடம் மிஞ்சிற்று. மிஞ்சிய இடத்தில் 1960களில் கல் ஏறிற்று! ஜேட், மாலகைட், புலிக்கண், லாபிஸ் லாசுலி என்னும் நீலக்கல்.

நீலக்கல்லின் தாயகம் ஆப்கானிஸ்தானத்துப் பதக்ஷான். அங்கே சர்-இ-சங் மலையில் ஆயிரம் ஆயிரம் ஆண்டுகளாகப் பாறையைக் குடைகிறான் பாட்டாளி. அந்தக் கல்லை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான வில்லையாக அறுக்க வேண்டும், மெருகேற்ற வேண்டும், முள் நிற்க நடுவே துளையிட வேண்டும். அங்கேதான் கல் காலை வாரும்! உள்ளே கண்ணுக்குத் தெரியாத கீற்றொன்று இருந்தால் போதும், பட்டென்று உடையும்; அத்தனை உழைப்பும் குப்பைக்கு! தப்பிய வில்லையைப் பித்தளைத் தகட்டில் ஒட்டுவார்கள். மாலகைட் என்றால் இன்னொரு தொல்லை. அது செம்புக் கல். அதன் தூசி மூச்சுக்கு ஆகாது.

ஒரு கல்லைப் போல் மறு கல் இராது. அதனால்தான் ஏலத்திலே இன்று இத்தனை போட்டி! முகப்பிலே கம்பெனி பெயர் உண்டு, அறுத்தவன் பெயர்?

ஜப்பானின் குவார்ட்ஸ் கைக்கடிகாரம் 1969-இல் வந்தது. 1970-இல் ஸ்விஸ் கடிகாரத் தொழிலில் இருந்தோர் சுமார் 90,000 பேர். 1980களின் நடுவில் மிஞ்சியது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. மற்றவர்கள் வீட்டுக்குப் போனார்கள்.