விக்கா சமயத்தின் வரலாறு

விக்கா என்பது 20 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் உருவாகி, பின்னர் ஐக்கிய அமெரிக்கா, கனடா, ஆத்திரேலியா முதலிய நாடுகளுக்குப் பரவிய ஒரு புதிய சமயம் ஆகும். கிறித்தவத்துக்கு முற்பட்ட ஐரோப்பிய வழிபாட்டு மரபுகளை மீட்டெடுக்க முனையும் இயக்கம் நவீன பேகனியம் எனப்படுகிறது. விக்கா அதன் முதன்மையான பிரிவுகளுள் ஒன்றாகும். இதனைப் பின்பற்றுவோர் விக்கர்கள் எனப்படுவர். இவர்களுள் பெரும்பாலோர் ஒரு பெண் தெய்வத்தையும் கொம்புடைய ஓர் ஆண் தெய்வத்தையும் வழிபடுகின்றனர். மந்திரச் சடங்குகளும் இவர்களது சமய வாழ்வின் ஒரு பகுதி ஆகும்.

1950 களில் இச்சமயம் வெளியுலகுக்கு அறிமுகமானபோது, அது கற்காலம் முதல் மறைவாகத் தொடர்ந்து வந்த ஒரு தொல் சமயம் என்று கூறப்பட்டது. இன்றைய வரலாற்றாய்வாளர்கள் இக்கூற்றை ஏற்பதில்லை. எனினும், இக்கூற்று வலுவிழந்த பின்னரும் விக்கா அழியவில்லை.

பெயர்

பழைய ஆங்கிலத்தில் "விக்கா" என்று எழுதப்பட்ட சொல் மந்திரவாதியான ஓர் ஆணைக் குறித்தது. அது அக்காலத்தில் "விச்சா" என்பது போல் ஒலிக்கப்பட்டது. இதன் பெண்பால் "விச்செ" என்பதாகும். இக்கால ஆங்கிலச் சொல்லான "விட்ச்" இவற்றிலிருந்து தோன்றியது.

"விட்ச்" என்ற சொல் தமிழில் பொதுவாகச் "சூனியக்காரி" என மொழிபெயர்க்கப்படுகிறது. ஆனால் தமிழில் சூனியம் என்பது பிறருக்குக் கேடு விளைவிக்கும் நோக்குடன் செய்யப்படும் மாந்திரீகத்தையே குறிக்கும். ஆங்கிலச் சொல்லோ வரலாற்றில் குறைந்தது மூன்று வகையினரைக் குறிக்கப் பயன்பட்டுள்ளது.

1. மந்திரத்தால் தீங்கு செய்ததாக மற்றவர்களால் குற்றஞ்சாட்டப்பட்டோர்.
2. நோய் தீர்த்தல், குறி சொல்லுதல், காணாமற்போன பொருளைக் கண்டுபிடித்தல் முதலியவற்றைச் செய்த நாட்டுப்புற மந்திரக்காரர்.
3. 20 ஆம் நூற்றாண்டில் தாமே விரும்பி இப்பெயரை ஏற்றுக்கொண்ட விக்கர்கள்.

இம்மூவரையும் ஒருவராகக் கருதுவதே இத்துறையில் பல தவறான கருத்துகளுக்குக் காரணம் ஆகும்.

பின்னணி: சூனிய வேட்டையும் சட்டங்களும்

ஐரோப்பாவில் 15 ஆம் நூற்றாண்டு முதல் 18 ஆம் நூற்றாண்டு வரை சூனியக் குற்றத்துக்காக 40,000 முதல் 60,000 பேர் வரை கொல்லப்பட்டனர் என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகின்றனர். இவர்களுள் ஏறத்தாழ முக்கால் பங்கினர் பெண்கள். பல நாடுகளில் சித்திரவதையின் மூலமே குற்ற ஒப்புதல்கள் பெறப்பட்டன.

பெரிய பிரித்தானியாவில் 1735 ஆம் ஆண்டின் சூனியச் சட்டம் இந்நிலையை மாற்றியது. மந்திர ஆற்றல் இருப்பதாக இச்சட்டம் கருதவில்லை. மாறாக, தமக்கு அத்தகைய ஆற்றல் உண்டு எனக் கூறி ஏமாற்றுவதையே குற்றமாக்கியது. சூனியத்துக்கான மரண தண்டனையும் இதனால் ஒழிந்தது. இச்சட்டம் இரண்டாம் உலகப் போர்க் காலத்திலும் நடைமுறையில் இருந்தது. இறந்தோரின் ஆவிகளுடன் பேசுவதாகக் கூறிய எலன் டங்கன் என்பவர் 1944 ஆம் ஆண்டில் இச்சட்டத்தின் கீழ் ஒன்பது மாதச் சிறைத் தண்டனை பெற்றார். ஆவியுலகக் கொள்கையினரின் முயற்சியால் 1951 ஆம் ஆண்டில் இச்சட்டம் நீக்கப்பட்டது. அதன் பின்னரே தம்மை "விட்ச்" என வெளிப்படையாக அறிவித்துக்கொள்வது எளிதாயிற்று.

மார்கரெட் மரேயின் கருதுகோள்

விக்காவின் தோற்றத்துக்கு அடிப்படையாக அமைந்த கருத்தை முன்வைத்தவர் மார்கரெட் மரே (1863–1963) ஆவார். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பணியாற்றிய இவர் ஓர் எகிப்தியல் அறிஞர். 1921 ஆம் ஆண்டில் வெளியான "மேற்கு ஐரோப்பாவில் சூனியக்காரிகளின் வழிபாடு" என்ற பொருள்படும் நூலில், சூனிய வழக்குகளில் கொல்லப்பட்டோர் உண்மையில் ஒரு பழைய சமயத்தைச் சேர்ந்தவர்கள் என இவர் வாதிட்டார். அவர்கள் பதின்மூவர் கொண்ட குழுக்களாக இயங்கினர் என்றும், கொம்புடைய ஒரு தெய்வத்தை வழிபட்டனர் என்றும், அத்தெய்வத்தையே திருச்சபை சாத்தான் எனத் திரித்துக் கூறியது என்றும் இவர் விளக்கினார்.

சூனிய வழக்குகளைப் பற்றி ஆராய்ந்த சிலர் தொடக்கம் முதலே இக்கருத்தை மறுத்து வந்தனர். ஆயினும் 1929 ஆம் ஆண்டில் பிரித்தானிக்கா கலைக்களஞ்சியத்தில் சூனியம் பற்றிய கட்டுரையை எழுதும் வாய்ப்பு மரேக்கே கிடைத்தது. அவர் தமது கருதுகோளை, அனைவரும் ஏற்றுக்கொண்ட உண்மை போல் அதில் எழுதினார். அக்கட்டுரை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் தொடர்ந்து வெளியானது. பத்திரிகையாளர், புதின ஆசிரியர், பொது வாசகர் எனப் பலரும் இக்கருத்தை ஐயமின்றி ஏற்றமைக்கு இது ஒரு முக்கிய காரணம் ஆகும்.

ஜெரால்ட் கார்ட்னர்

விக்காவைத் தோற்றுவித்தவராகக் கருதப்படும் ஜெரால்ட் கார்ட்னர் 1884 ஆம் ஆண்டு சூன் 13 ஆம் நாள் இங்கிலாந்தின் இலங்காசயரில் பிறந்தார். ஆசுத்துமா நோயால் துன்புற்ற இவர் முறையான பள்ளிக் கல்வி பெறவில்லை. 1900 ஆம் ஆண்டில் இலங்கைக்குச் சென்று தேயிலைத் தோட்டத்தில் பணியாற்றினார். கொழும்பில் 1910 ஆம் ஆண்டில் ஃபிரீமேசன் அமைப்பில் சேர்ந்தார். 1911 ஆம் ஆண்டில் மலாயாவுக்குச் சென்று முதலில் இரப்பர்த் தோட்டங்களிலும் பின்னர் அரசுப் பணியிலும் ஈடுபட்டார். மலாய் மக்களின் மந்திர வழக்கங்களிலும் ஆயுதங்களிலும் ஆர்வம் கொண்டு, கிரிஸ் எனப்படும் மலாய்க் குத்துவாள் பற்றி 1936 ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். அவ்வாண்டிலேயே ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார்.

1939 ஆம் ஆண்டு செப்டெம்பரில், தென் இங்கிலாந்தின் நியூ ஃபாரஸ்ட் பகுதியில் எஞ்சியிருந்த ஒரு பழைய குழுவில் தாம் தீட்சை பெற்றதாகக் கார்ட்னர் பின்னாளில் கூறினார். 1949 இல் புனைபெயரில் ஒரு புதினமும், 1954 இல் "இன்றைய சூனியக் கலை" என்ற பொருள்படும் நூலும் வெளியிட்டார். இரண்டாவது நூலுக்கு முன்னுரை எழுதியவர் மார்கரெட் மரே. அவ்வாண்டில் மான் தீவில் உள்ள காசல்டவுனில் இருந்த சூனிய அருங்காட்சியகத்தையும் கார்ட்னர் வாங்கி நடத்தத் தொடங்கினார். 1964 ஆம் ஆண்டு பெப்ரவரி 12 ஆம் நாள் கடற்பயணத்தின்போது கப்பலில் இறந்தார். இவரது உடல் தூனிசில் அடக்கம் செய்யப்பட்டது.

கார்ட்னரின் குழுவினர் சடங்குகளை "நிழல்களின் நூல்" எனப்படும் கையெழுத்து நூலிலிருந்து படியெடுத்துப் பயன்படுத்தினர். இந்நூலின் பகுதிகள் எங்கிருந்து வந்தன என்பதைப் பெருமளவு கண்டறிய முடிகிறது. சடங்குக் கருவிகள் பல "சாலமோனின் திறவுகோல்" என்ற பழைய மந்திர நூலிலிருந்து பெறப்பட்டவை. மூன்று படிநிலைத் தீட்சை ஃபிரீமேசன் முறையை ஒத்தது. சில வழிபாட்டுப் பகுதிகள் 1947 ஆம் ஆண்டில் கார்ட்னர் நேரில் சந்தித்த மந்திரவாதி அலிஸ்டர் குரோலியின் எழுத்துகளிலிருந்தும், சார்ல்ஸ் லேலண்ட் 1899 ஆம் ஆண்டில் வெளியிட்ட "அராடியா" என்ற நூலிலிருந்தும் எடுக்கப்பட்டவை.

டோரீன் வாலியந்தே

1953 ஆம் ஆண்டில் கார்ட்னரிடம் தீட்சை பெற்ற டோரீன் வாலியந்தே (1922–1999), தொன்மையானவை எனக் கூறப்பட்ட வரிகளுள் சில குரோலியுடையவை என்பதை அடையாளம் கண்டு கார்ட்னரிடமே கூறினார். பின்னர் அப்பகுதிகளுள் பலவற்றை நீக்கியும் திருத்தியும் புதிதாக எழுதினார். இன்று விக்கர்கள் பரவலாகப் பயன்படுத்தும் வழிபாட்டு உரைகளுள் சில இவ்வாறு உருவானவை.

கார்ட்னர் செய்தித்தாள்களில் விளம்பரம் தேடுவதை வாலியந்தே விரும்பவில்லை. 1957 ஆம் ஆண்டில் இது பிணக்காக மாறியபோது, கார்ட்னர் பழைய சட்டங்கள் எனச் சிலவற்றைக் காட்டினார். தலைமைப் பெண் பூசாரி வயதான பின் இளையவருக்கு இடம்விட வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. அவை அப்போதுதான் எழுதப்பட்டவை எனக் கருதிய வாலியந்தே குழுவிலிருந்து விலகினார். ஆயினும் அவர் சமயத்தைக் கைவிடவில்லை.

கார்ட்னர் தீட்சை பெற்ற வீட்டுக்கு உரியவராகக் கூறப்பட்ட டோரத்தி கிளட்டர்பக் கற்பனைப் பாத்திரம் எனச் சிலர் கருதியபோது, பிறப்பு, இறப்புப் பதிவுகளைத் தேடி அப்படி ஒருவர் வாழ்ந்தார் என்று நிறுவியவரும் வாலியந்தேயே. எனினும் அப்பெண்மணி உண்மையில் இத்தகைய குழுவில் இருந்தாரா என்பதில் கருத்து வேறுபாடு உள்ளது.

நம்பிக்கைகளும் சடங்குகளும்

விக்காவுக்கு அனைவரும் ஏற்கும் ஒரே மறைநூலோ தலைமைப் பீடமோ இல்லை. எவருக்கும் தீங்கு விளையாதவரை ஒருவர் தம் விருப்பப்படி நடக்கலாம் என்பது பரவலாக ஏற்கப்படும் ஒழுக்க நெறி ஆகும். கோவன் எனப்படும் சிறு குழுக்களாகவோ தனித்தோ வழிபாடு நிகழ்த்தப்படுகிறது. தரையில் வட்டம் வரைந்து அதனுள் சடங்கு செய்தலும், முழுநிலவு நாளில் கூடுதலும் பொதுவான வழக்கங்கள். வட்டத்துள் அமைந்த ஐந்துமுனை நட்சத்திரம் இச்சமயத்தின் சின்னம் ஆகும். விக்கர்கள் சாத்தானை வழிபடுவதில்லை. சாத்தான் என்பது கிறித்தவக் கருத்து என்பதே அவர்கள் நிலைப்பாடு.

"ஆண்டுச் சக்கரம்" எனப்படும் எட்டு விழாக்களுள் சவின், இம்போல்க், பெல்டைன், லூனசா ஆகிய நான்கும் பழைய அயர்லாந்து விழாக்களின் பெயர்களைக் கொண்டவை. ஏனைய நான்கும் கதிரவனின் இயக்கத்தை ஒட்டிச் சம இரவு நாட்களிலும் கதிர்த் திருப்ப நாட்களிலும் நடைபெறுகின்றன. இவை எட்டும் ஒரே வரிசையாகக் கொண்டாடப்படுவது 1950 களில் தோன்றிய முறை ஆகும். தென் அரைக்கோளத்தில் பருவங்கள் மாறி வருவதால் அங்குள்ள பலர் இவ்விழாக்களை ஆறு மாதம் மாற்றிக் கொண்டாடுகின்றனர்.

பிரிவுகளும் பரவலும்

1960 களில் அலெக்ஸ் சாண்டர்ஸ் (1926–1988), அவர் மனைவி மேக்சின் ஆகியோர் அலெக்சாந்திரிய மரபு எனப்படும் பிரிவைத் தொடங்கினர். அதே பத்தாண்டின் முற்பகுதியில் ரேமண்ட் பக்லண்ட் கார்ட்னரின் மரபை ஐக்கிய அமெரிக்காவின் லாங் தீவுக்குக் கொண்டு சென்றார்.

அமெரிக்காவில் விக்கா பெண்ணிய இயக்கத்துடன் இணைந்து புதிய வடிவம் பெற்றது. அங்கேரியில் பிறந்த சூசன்னா புடபெஸ்ட் 1971 ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சலசில் பெண்களுக்கு மட்டுமான குழுவைத் தொடங்கினார். 1979 ஆம் ஆண்டில் வெளியான ஸ்டார்ஹாக்கின் "சுருள் நடனம்" என்ற நூல், பெண் தெய்வ வழிபாட்டைச் சுற்றுச்சூழல், அரசியல் செயற்பாடுகளுடன் இணைத்தது. 1988 இல் வெளியான ஸ்காட் கன்னிங்காமின் கையேடு, குழுவோ தீட்சையோ இன்றித் தனியொருவராக விக்காவைப் பின்பற்றும் முறையைப் பரவலாக்கியது. இதனால் இரகசியத் தீட்சைச் சமயமாகத் தொடங்கிய விக்கா, நூல்களின் வழி எவரும் கற்கக்கூடிய ஒன்றாக மாறியது.

சட்ட ஏற்பு

ஐக்கிய அமெரிக்காவில் 1986 ஆம் ஆண்டில் ஒரு கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம், வர்ஜீனியாச் சிறைக் கைதி ஒருவரின் வழக்கில், விக்கா அரசியலமைப்பின் பாதுகாப்புக்கு உரிய சமயமே எனத் தீர்ப்பளித்தது. எனினும், சிறைப் பாதுகாப்புக் கருதிச் சில சடங்குப் பொருட்களை மறுப்பது முறையே எனவும் கூறியது.

2005 ஆம் ஆண்டில் ஆப்கானித்தானில் உயிரிழந்த படைவீரர் ஒருவரின் நினைவுப் பலகையில் விக்கா சின்னத்தைப் பொறிக்க அமெரிக்க அரசு முதலில் இசையவில்லை. அவர் மனைவியும் பிற விக்கர்களும் வழக்குத் தொடுத்தனர். 2007 ஏப்ரலில் அரசு உடன்பட்டு, ஏற்கப்பட்ட சமயச் சின்னங்களின் பட்டியலில் அதனைச் சேர்த்தது.

வரலாற்றாய்வும் விக்காவும்

1975 ஆம் ஆண்டில் வரலாற்றாசிரியர் நார்மன் கோன், மரேயின் மேற்கோள்களை அவற்றின் மூல ஆவணங்களுடன் ஒப்பிட்டார். குற்றஞ்சாட்டப்பட்டோர் வானில் பறந்தது, விலங்காக உருமாறியது போன்ற நம்பத்தகாத பகுதிகளை மரே விட்டுவிட்டு, விருந்து, கூட்டம் போன்ற இயல்பான பகுதிகளை மட்டும் எடுத்தாண்டிருப்பதை எடுத்துக்காட்டினார். இதனுடன் மரேயின் கருதுகோள் அறிஞர்களிடையே முற்றாக மதிப்பிழந்தது.

வேட்டையில் 90 இலட்சம் பெண்கள் கொல்லப்பட்டனர் என்ற எண்ணிக்கையும் இவ்வாறே கைவிடப்பட்டது. இது 18 ஆம் நூற்றாண்டின் இறுதியில் செருமானிய எழுத்தாளர் ஒருவர், சிறிய பகுதி ஒன்றின் தரவை ஐரோப்பா முழுவதற்கும் பெருக்கிக் கணித்ததிலிருந்து வந்ததாகும். கொல்லப்பட்டோருள் மிகப் பெரும்பாலோர் கிறித்தவர்கள் என்பதையும், செய்யாத குற்றத்துக்காக அண்டை அயலாரால் காட்டிக்கொடுக்கப்பட்டவர்கள் என்பதையும் வழக்கு ஆவணங்கள் காட்டுகின்றன. மறைவான ஒரு சமயத்தின் உறுப்பினர்களாக அவர்களைக் கருதுவது, அவர்கள் மீது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டை வேறு வடிவில் ஏற்பதாகவே முடியும்.

1999 ஆம் ஆண்டில் பிரிசுட்டல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரொனால்ட் ஹட்டன் "நிலவின் வெற்றி" என்ற பொருள்படும் நூலில் விக்காவின் தோற்றத்தை விரிவாக ஆராய்ந்தார். 19 ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிதை, நாட்டுப்புறவியல், இரகசியச் சங்கங்கள் ஆகியவற்றிலிருந்து இச்சமயம் உருவான விதத்தை விளக்கிய இவர், இங்கிலாந்து உலகுக்கு அளித்த ஒரே முழுமையான சமயம் இது என்று மதிப்பிட்டார். சில விக்கர்கள் இம்முடிவுகளை எதிர்த்தனர். வேறு பலர், தம் சமயம் புதியது என்பதை ஏற்று, அதன் பயன் வழிபாட்டு அனுபவத்திலேயே உள்ளது என்றனர்.

இங்கிலாந்திலும் வேல்சிலும் 2021 ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 13,000 பேர் தம் சமயம் விக்கா என்றும், 74,000 பேர் பேகன் என்றும் குறிப்பிட்டனர்.