வெளியே காயமில்லை... உள்ளே?

2019 ஆகஸ்ட் 17. லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் ஆஷஸ் டெஸ்ட். இங்கிலாந்தின் ஜோஃப்ரா ஆர்ச்சர் வீசிய பவுன்சர், ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் ஸ்மித் கழுத்தில், காதுக்குக் கீழே பட்டது. ஹெல்மெட் மூடாத இடம். அப்படியே சாய்ந்தார். ஆனால், ஒரு சொட்டு ரத்தம் இல்லை! டாக்டர்கள் சோதித்தார்கள். முக்கால் மணி நேரத்தில் திரும்பி வந்து, 80 ரன்னை 92 ஆக்கிவிட்டுத்தான் அவுட் ஆனார்.

மறுநாள் காலையில் தலைவலி, மந்தம். 'இனி இந்த டெஸ்டில் ஆடக்கூடாது' என்று நிறுத்திவிட்டார்கள். அவருக்கு ஏற்பட்டது மூளையதிர்ச்சி.

ஓடும் பஸ் திடீரென்று பிரேக் போட்டால், நிற்பவர்கள் முன்னால் சாய்கிறார்கள் அல்லவா? மண்டை ஓட்டுக்குள் நீரில் மிதக்கும் மூளையும் அப்படித்தான். தலை சட்டென்று நின்றாலோ, திரும்பினாலோ உள்ளே குலுங்கிவிடும். தலையில் நேராக அடி படவேண்டும் என்றுகூட இல்லை. இதில் மூளையின் வேலைதான் கொஞ்ச காலம் தடுமாறும். ஸ்கேனில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. ஓய்வுதான் முக்கிய மருந்து.

குலுங்கல் பலமாக இருந்தால், மூளை எலும்பில் மோதிக் கன்றிப்போகும். பின்தலையில் அடிபட்டு, மூளையின் முன்பக்கம் கன்றுவதும் உண்டு!

தலைத்தோலில் வெட்டுப்பட்டால் ரத்தம் கொட்டும். அங்கே ரத்தக்குழாய்கள் அதிகம். பார்க்கப் பயமாக இருந்தாலும், தையல் போட்டதும் பல நேரம் சரியாகிவிடும். இன்னொரு வகைதான் ஏமாற்றுக்காரக் காயம். காதுக்கு மேலே, பொட்டுப் பகுதியில் எலும்பு மெல்லியது. அதன் உட்புறமாக ஒரு ரத்தக்குழாய் ஓடுகிறது. அங்கே அடிபட்டு எலும்பு விரிந்தால், அந்தக் குழாய் கிழியலாம். அடிபட்டவர் எழுந்து, சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார். உள்ளே ரத்தம் சேர்ந்துகொண்டே இருக்கும். மண்டை ஓடு மூடிய பெட்டி. ரத்தம் வெளியேற வழியில்லை. அது மூளையை நசுக்கும். சில மணி நேரத்தில் தூக்கம், மயக்கம். உடனே ஸ்கேன் எடுத்து, அறுவை சிகிச்சை செய்து ரத்தக்கட்டை எடுத்தால் பிழைக்கலாம். வழுக்கி விழுந்த தாத்தா, பாட்டிகளுக்கோ இன்னொரு வகை ரத்தக்கசிவு மெதுவாகச் சேர்ந்து, சில வாரம் கழித்துக்கூடத் தொல்லை தரும்.

'அம்மா திட்டுவாங்க' என்று சைக்கிளிலிருந்து விழுந்ததை மறைக்கிறீர்களே, அதுதான் ஆபத்து! திட்டு பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். வீட்டிலோ, டீச்சரிடமோ உடனே சொல்லிவிடுங்கள். அன்றைக்கு விளையாட்டு வேண்டாம். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினாலும் விழிக்காத தூக்கம், உளறல், வலிப்பு, ஒரு கண்மணி மட்டும் பெரிதாவது, காதிலோ மூக்கிலோ நீர் வடிவது... இவற்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐ அழைக்க வேண்டும். மயங்கிக் கிடப்பவருக்குத் தண்ணீர் புகட்டக்கூடாது. கழுத்தை அசைக்கவும் கூடாது.

ஹெல்மெட் மண்டை ஓட்டை நன்றாகவே காக்கும், வாரைப் பூட்டினால்தான்! (பெட்ரோல் டேங்க் மேல் வைத்தால் டேங்கைத்தான் காக்கும்.) ஆனால், உள்ளே மூளை குலுங்குவதை அதனால் முழுதாகத் தடுக்க முடியாது.

சரி, ஸ்மித்? மூளையதிர்ச்சி அடைந்தவருக்குப் பதில் ஆள் இறக்கலாம் என்ற விதி வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. அப்படி இறங்கிய முதல் டெஸ்ட் வீரர் மார்னஸ் லபுஷேன். இரண்டாவது பந்திலேயே அவர் ஹெல்மெட்டின் கம்பியிலும் ஆர்ச்சர் பந்து மோதியது! எழுந்து நின்று 59 ரன் எடுத்தார். ஸ்மித் அடுத்த டெஸ்டிலும் ஆடவில்லை. அதற்கடுத்த டெஸ்டில் வந்தார். 211 ரன் குவித்தார்.