சூலகக் கட்டியும் காந்தப் படமும்

பெண்ணின் அடிவயிற்றில், கருப்பையின் இருபுறத்தும் பாதாம் பருப்பின் வடிவில் அமைந்தவை சூலகங்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் நீளமே உடையது. இச்சிற்றுறுப்பில் தோன்றும் கட்டிகளின் வகைகளோ பல. வெறும் நீர் நிரம்பியவை உண்டு; பழைய இரத்தம் தேங்கிச் சாக்லேட் குழம்பு போல ஆனவை உண்டு; கொழுப்பும் மயிரும், சிற்சில வேளை பல்லுங்கூட அடங்கிய டெர்மாயிட் கட்டிகளும் உண்டு. இவை பெரும்பாலும் தீங்கற்றவை. ஆயினும், இவற்றினிடையே புற்றுநோயும் மறைந்திருக்கக் கூடும்.

நேயர்களே, வேறு பல உறுப்புகளில் ஐயம் தோன்றினால் ஊசியால் சிறிது சதை எடுத்துச் சோதிப்பார்கள். சூலகத்துள் அடங்கிய கட்டிக்கு அம்முறையைப் பொதுவாக மேற்கொள்வதில்லை. அது புற்றாயின், துளைத்த வழியே நோயணுக்கள் வயிற்றறைக்குள் சிந்திவிடலாம் என்னும் அச்சமே காரணம். ஆகவே, கத்தி வைக்குமுன் கண்ணால் கண்டே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. தீங்கற்றதைப் புற்றென்று கருதி இரு சூலகங்களையும் நீக்கிவிட்டால், இளம்பெண் ஒருத்தி தாயாகும் வாய்ப்பையே இழக்க நேரும். புற்றைத் தீங்கற்றதென எண்ணிச் சிறு துளை வழியே அகற்ற முயன்றால், கட்டி உடைந்து நோய் பரவக் கூடும்.

முதற் சோதனை அல்ட்ராசவுண்ட் எனப்படும் ஒலியலைப் படமே. பெரும்பாலான கட்டிகளின் இயல்பு அதிலேயே தெளிவாகிவிடும். ஐயம் தீராதவற்றுக்கே எம்.ஆர்.ஐ. எனும் காந்தப் படம் வேண்டும்.

அது எங்ஙனம் இயங்குகிறது? நம் உடலில் பாதிக்கு மேல் நீர். நீரில் ஹைட்ரஜன் உண்டு. அதன் அணுக்கரு ஒவ்வொன்றும் ஒரு நுண்ணிய காந்தம். 1.5 டெஸ்லா வலிமையுள்ள கருவிக்குள், அதாவது பூமியின் காந்தப்புலத்தைப் போல் ஏறத்தாழ 30,000 மடங்கு வலிமையில், இவை வரிசைப்படுகின்றன. அப்போது சுமார் 64 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுள்ள வானொலி அலையைச் செலுத்துவர். ஊஞ்சலை உரிய நேரத்தில் தள்ளினால் அது உயர எழுவதுபோல, அணுக்கருக்கள் ஆற்றலை ஏற்று, பின் மறுமொழியாக அலையை வெளியிடும். அம்மறுமொழியே படமாகிறது. தாங்கள் இப்பேச்சைப் பண்பலையில் கேட்பதாயின், அது 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸுக்குள் வருவது. மருத்துவமனையின் அலை அதற்குச் சற்றே கீழ்ப்பட்ட அண்டை வீட்டுக்காரன்தான்! எக்ஸ் கதிர் இதில் இல்லை. 1973-இல் இவ்வழியில் படம் அமைத்துக் காட்டிய பால் லாட்டர்பருக்கும், முறையைச் செம்மைப்படுத்திய பீட்டர் மான்ஸ்ஃபீல்டுக்கும் 2003-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இனி, இதன் நுட்பத்தைப் பாருங்கள். ஒருவகைப் படத்தில் பழைய இரத்தமும் கொழுப்பும் ஒன்றுபோல வெண்மையாகவே தோன்றும். ஆனால் கொழுப்பிலுள்ள ஹைட்ரஜனின் அதிர்வெண் நீரிலுள்ளதினின்றும் சிறிது வேறுபட்டது. அந்த ஒரு நிலையத்தை மட்டும் அடக்கிவிட்டு மீண்டும் படம் எடுப்பார்கள். வெண்மை மறைந்தால் கொழுப்பு, ஆதலின் டெர்மாயிட். மறையாது நின்றால் இரத்தம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுவே. கரும்பலகையில் இரண்டு வட்டம் வரைந்தே விளக்கிவிடலாம்.

கட்டிக்குள் கெட்டியான திசு இருப்பின், கடோலினியம் கலந்த மருந்தை நரம்பில் செலுத்தி, அத்திசு எவ்வளவு விரைவில் ஒளிர்கிறது என்று கருப்பைத் தசையோடு ஒப்பிடுவர். கருப்பைத் தசையையும் முந்தி ஒளிருமாயின் ஐயம் மிகும். மெல்ல ஒளிருமாயின் குறையும்.

இவற்றைக் கொண்டு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் இடுகிறார்கள். இங்கே மதிப்பெண் கூடுவது மகிழ்ச்சிக்குரியதன்று. இரண்டு என்றால் ஏறக்குறைய தீங்கற்றது, மூன்றில் புற்றாகும் வாய்ப்பு நூற்றுக்கு 5 அளவில், நான்கில் 50, ஐந்தில் 90. 15 மருத்துவ நிலையங்களில் 1,340 பெண்களைச் சேர்த்து நடந்த ஆய்வு 2020-இல் வெளியாயிற்று. அம்மதிப்பெண் முறை நூற்றுக்கு 93 தீய கட்டிகளைச் சரியாகக் கண்டுகொண்டது.

என்னிடம் படித்த பெண் ஒருத்தி தன் அறிக்கையைக் கொணர்ந்து, “ஐயா, நான்கு என்று போட்டிருக்கிறதே, புற்றுநோய்தானா?” என்று கேட்டாள். “இல்லையம்மா, இரண்டில் ஒன்று என்றே பொருள், புற்றுநோய் அறுவையில் தேர்ந்தவரிடம் போ என்று அது சொல்கிறது” என்றேன். நெஞ்சில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்களும், சிறுநீரக நோயுள்ளவர்களும், கருவுற்றவர்களும் அதனை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். முடிவான தீர்ப்பு, அகற்றிய திசுவை நுண்ணோக்கியில் பார்க்கும் நோய்க்குறியியல் மருத்துவருடையதே.