எண்ணெயைக் குடித்த படகு மோட்டார்! அடகுக்குப் போக இருந்த செயின் தப்பியது!

சென்னை,

படகு மோட்டாருக்கு வயதாகிவிட்டால் எண்ணெயைக் குடிக்கும். வேகம் தராது. ஒருநாள் நடுக்கடலில் நின்றும் போகும்.

காசிமேட்டில் பைபர் படகு வைத்திருக்கும் மீனவர் ஒருவருக்கு இந்தக் கதிதான் ஏற்பட்டது. அவருடையது 10 குதிரைத்திறன் கொண்ட டூ ஸ்ட்ரோக் மண்ணெண்ணெய் மோட்டார். இரண்டு சிலிண்டர். வாங்கி 15 வருடத்துக்கு மேல் ஆகிறது.

வழக்கமாக வலை விடும் இடத்துக்குப் போய்வர 12 லிட்டர் போதும். சில வாரங்களாக 18 லிட்டர் ஆனது. மீன் விற்ற காசு எண்ணெய்க்கே சரியாகப் போயிற்று. கூட வரும் 3 பேருக்குப் பங்கு கொடுக்கக்கூட கையில் மிஞ்சவில்லை.

"ரிங்கு தேஞ்சு போச்சு. தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கு" என்று கரையில் இருந்தவர்கள் சொன்னார்கள். புது மோட்டாருக்கு முன்பணம் வேண்டும். மனைவியின் செயினை சேட்டு கடையில் அடகு வைப்பது என்று முடிவாயிற்று.

அதற்கு முன் கடைசியாக ஒரு தடவை காட்டிவிடலாம் என்று மோட்டாரைப் பட்டறைக்குத் தூக்கி வந்தார்.

குடிக்கிறதா? துப்புகிறதா?

"எண்ணெயா குடிக்குதுண்ணே. இழுக்கவும் மாட்டேங்குது. நின்னா நடுங்குது" என்றார் மீனவர்.

"குடிக்குதா, ஒழுகுதா, இல்ல குடிச்சதைத் துப்புதா? மொதல்ல அதைப் பாப்போம் தம்பி. செயின் எங்கேயும் ஓடிடாது" என்றார் வயதான மெக்கானிக்.

முதலில் அவர் மோட்டாரைத் தொடவே இல்லை. கேனின் அடியில் இருந்து கொஞ்சம் எண்ணெயைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து, அசையாமல் வைத்தார். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தனியாக நிற்கும். கொஞ்சம் நின்றது! கேனும் பில்டரும் கழுவப்பட்டன.

அடுத்து கேன் மூடியில் உள்ள காற்றுத் திருகு. இதைத் திறக்க மறந்தால் கேனுக்குள் காற்று போகாது. மோட்டாருக்கு எண்ணெய் வராது.

பிறகு ரப்பர் பல்பை அமுக்கினார். கெட்டியாக நின்றது. எவ்வளவு அமுக்கியும் பல்பு தொளதொள என்று இருந்தால் குழாயில் காற்று இழுக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். ஓடும்போது பல்பு சப்பையாக ஒட்டிக்கொண்டால் கேன் பக்கம் அடைப்பு. இங்கே இரண்டும் இல்லை.

பிளக் காட்டிக் கொடுத்தது

இரண்டு பிளக்குகளும் கழற்றப்பட்டன.

மேல் பிளக் இளம் பழுப்பு நிறம். அது சரியாக எரிகிற சிலிண்டர். கீழ் பிளக் கன்னங்கரேல் என்று எண்ணெயில் நனைந்திருந்தது. (பிளக் வெள்ளை வெளேர் என்று இருந்தால் அது வேறு ஆபத்து. எண்ணெய் போதவில்லை, அல்லது சூடு அதிகம்.)

மெக்கானிக் இரண்டு பிளக்கையும் துடைத்து, மேலதைக் கீழும், கீழதை மேலும் மாற்றிப் போட்டார். தண்ணீர் டிரம்மில் வைத்து ஓட்டினார். மறுபடியும் கீழ் பிளக்தான் நனைந்தது. ஆக, பிளக் மேல் குற்றம் இல்லை. கோளாறு கீழ் சிலிண்டரில்!

"அப்போ ரிங்குதானேண்ணே?" என்றார் மீனவர். அவர் முகம் வாடிவிட்டது.

மெக்கானிக் கம்ப்ரஷன் கேஜை மாட்டி, இரண்டு சிலிண்டரையும் அளந்தார். ஏறக்குறைய ஒரே அளவு காட்டியது. அதுவும் நல்ல அளவு. இரண்டுக்கும் நடுவே 10, 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ, இரண்டுமே ஒன்றாக இறங்கியிருந்தாலோதான் ரிங், பிஸ்டன் மேல் சந்தேகப்பட வேண்டும்.

ரிங் தேயவில்லை!

மிச்சம் இருந்தது கரண்டு. எண்ணெய் கேனைத் தூரத்தில் வைத்துவிட்டு நெருப்புப் பொறியைச் சோதித்தார்கள். கீழ் பிளக்கில் பொறியே இல்லை. பிளக் கேப்பை உரித்துப் பார்த்தபோது குட்டு வெளிப்பட்டது. உப்புக் காற்றில் உள்ளே பச்சைக் களிம்பு பூத்திருந்தது.

வயரின் கெட்டுப்போன நுனி வெட்டப்பட்டது. புது கேப் போட்டதும் பொறி பளிச் என்று வந்தது.

ஒரு மாடு படுத்தது

"ரெண்டு மாடு பூட்டின வண்டியில ஒண்ணு படுத்துக்கிச்சு. ஆனா தீனி ரெண்டுக்கும் போகுது" என்று மெக்கானிக் விளக்கினார்.

பொறி இல்லாத சிலிண்டரும் தன் பங்கு எண்ணெயை இழுக்கும். எரிக்காமல் அப்படியே புகை வழியாகக் கடலில் துப்பும். படகுக்குப் பின்னால் தண்ணீரில் வானவில் மாதிரி எண்ணெய்ப் படலம் மிதந்தால் அது ஒரு அடையாளம். வேகமும் குறைவதால் அதே தூரத்துக்குக் கூடுதல் நேரம் ஓட வேண்டும். அதனால் நஷ்டம் இரட்டிப்பு.

கம்பியால் வந்த வினை

இரண்டு சிலிண்டரும் ஓடின. ஆனாலும் புகை கருப்பாகவே வந்தது. கார்ப்பரேட்டரைப் பிரித்தார்கள். எப்போதோ யாரோ அடைப்பு எடுக்க ஜெட்டுக்குள் கம்பியை விட்டுக் குத்தியிருக்கிறார்கள். துவாரம் பெரிதாகிவிட்டது. தேவைக்கு மேல் எண்ணெய் பாய்ந்தது. புது ஜெட் போடப்பட்டது.

ஜெட்டில் கம்பி விடவே கூடாது. மருந்தில் ஊறவைத்து, காற்றால் ஊத வேண்டும்.

எண்ணெய் செலவுக்கு வேறு காரணங்களும் உண்டு. சோக் பாதி மூடியபடி நின்றுவிடும். தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டால் மோட்டார் சூடேறாது. புரொப்பெல்லர் விசிறியின் ரப்பர் புஷ் நழுவினால் மோட்டார் அலறும், படகு நகராது. படகின் அடியில் சிப்பி ஒட்டினாலும் இழுவை அதிகம்.

மண்ணெண்ணெய் மோட்டாரைப் பெட்ரோலில் கிளப்பி, நன்றாகச் சூடேறிய பிறகே மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்தும் முன் மறுபடி பெட்ரோலில் ஓட்ட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த தடவை கிளம்ப அடம் பிடிக்கும்.

உயிர்க் கணக்கு

10 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் மோட்டார் முழு வேகத்தில் மணிக்கு ஏறக்குறைய 4 லிட்டர் பிடிக்கும் என்பது தோராயக் கணக்கு. அதே இடம், அதே பாரம், அளந்த எண்ணெய் என்று மாதம் ஒருமுறை எழுதி வைத்தால், கோளாறு தொடங்கும்போதே தெரிந்துவிடும்.

இது காசுக் கணக்கு மட்டும் அல்ல. 12 லிட்டர் போதும் என்று நம்பிப் போன படகு 18 லிட்டர் குடித்தால், திரும்பி வர எண்ணெய் இருக்காது. காற்று கரையில் இருந்து வீசினால் படகு வெளிக்கடலுக்குத் தள்ளப்படும். துடுப்பு, குடிதண்ணீர், சார்ஜ் உள்ள போன் இல்லாமல் போகக்கூடாது. கடலோரக் காவல் படையின் அவசர எண் 1554.

மறுநாள் விடியற்காலை அந்தப் படகு கடலுக்குப் போய்த் திரும்பியது. கேனை அளந்து பார்த்தார்கள். செலவு பன்னிரண்டரை லிட்டர்!

ஒரு கேப், ஒரு ஜெட், மெக்கானிக் கூலி. செலவு அவ்வளவுதான்.

செயின் அடகுக்குப் போகவில்லை.