தனியுறுப்புப் பல்லுறுப்பி

தனியுறுப்புப் பல்லுறுப்பி என்பது, சங்கிலியின் பக்கவாட்டுத் தொகுதிகளில் இணையற்ற எதிர்மின்னிகளை (எலக்ட்ரான்களை) நிலையாகக் கொண்ட பல்லுறுப்பி (பாலிமர்) ஆகும். கரிம ஒளியுமிழ் இருமுனையங்களில் (ஓஎல்இடி) மின்னூட்டத்தைக் கடத்தும் அடுக்காக இத்தகைய பொருட்கள் ஆராயப்படுகின்றன.

அமைப்பு

பொதுவாகத் தனியுறுப்புகள் விரைவில் வினைபுரிந்து மறைந்துவிடும். நைட்ராக்சைடு வகையில் இணையற்ற எதிர்மின்னியை நைட்ரசன், ஆக்சிசன் அணுக்கள் பகிர்ந்துகொள்கின்றன. சூழ்ந்துள்ள நான்கு மெத்தில் தொகுதிகள் பிற மூலக்கூறுகளை நெருங்கவிடுவதில்லை. எனவே அது காற்றிலும் நிலைத்திருக்கும். இவ்வகையைச் சேர்ந்த பிடிஎம்ஏ என்னும் பல்லுறுப்பியை மின்கலத்தின் மின்வாய்ப் பொருளாக, 2002-இல் சப்பானின் என்.இ.சி. நிறுவன ஆய்வாளர்கள் அறிவித்தனர்.

கடத்தும் முறை

பாலிஅனிலின் போன்ற கடத்தும் பல்லுறுப்பிகளில், ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறிமாறி அமைந்த சங்கிலி வழியே மின்னூட்டம் செல்கிறது. பிடிஎம்ஏ-வில் அத்தகைய சங்கிலி இல்லை. நேர்மின்வாயை அடுத்துள்ள தொகுதி ஓர் எதிர்மின்னியை இழந்து நேரயனியாகிறது. அண்டைத் தொகுதி தன் எதிர்மின்னியை அதற்குக் கொடுத்துத் தான் நேரயனியாகிறது. வரிசையில் நிற்போர் நகராமல் குடம் மட்டும் கைமாறுவது போல, மின்துளை தொகுதிக்குத் தொகுதி தாவிச் செல்கிறது.

2018-இல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இவ்வகைப் பல்லுறுப்பி ஒன்றில் மீட்டருக்கு 28 சீமன்சு வரை கடத்துதிறனை அளந்தனர். எனினும் 0.6 மைக்ரோமீட்டர் வரையிலான தொலைவுக்கே அது பொருந்தும்.

ஓஎல்இடியில் பயன்

கைபேசித் திரைகளில் ஓஎல்இடி பரவலாகப் பயன்படுகிறது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் இதற்கான ஆய்வு மையம் 2024-இல் தொடங்கப்பட்டது. ஓஎல்இடியின் கடத்தும் அடுக்குகள் சில பத்து நானோமீட்டர் தடிப்பே உடையவை. ஆதலால் மேற்கூறிய தொலைவு வரம்பு இங்கு பெருந்தடையாகாது.

மின்துளையைச் செலுத்தும் அடுக்காகப் பெரிதும் பயன்படும் பெடோட்:பிஎஸ்எஸ் அமிலத்தன்மை கொண்டது. அது இண்டியம் வெள்ளீய ஆக்சைடு மின்வாயை மெல்ல அரித்து, கருவியின் ஆயுளைக் குறைக்கும். பிடிஎம்ஏ-வில் அமிலத் தொகுதிகள் இல்லை. அதன் மெல்லிய படலம் கட்புல ஒளியை மிகக் குறைவாகவே உறிஞ்சும்.

வரம்புகள்

நைட்ராக்சைடு தனியுறுப்பு, அருகிலுள்ள கிளர்வுற்ற மூலக்கூறின் ஆற்றலை ஒளியாக வெளிவராமல் தணித்துவிடும். எனவே இதனை ஒளியுமிழ் அடுக்கை ஒட்டி அமைக்காமல், இடையே வேறொரு கடத்தும் அடுக்கை வைக்க வேண்டும். எல்லாத் தனியுறுப்புகளும் அவ்வாறு ஒளியைத் தணிப்பதில்லை. 2015-இல் சீனாவின் சீலின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தனியுறுப்பு மூலக்கூறு ஒன்றையே ஒளியுமிழ் பொருளாகக் கொண்ட ஓஎல்இடியை உருவாக்கினர்.